காட்டில் விட்டுப்போன துப்பாக்கிகள்

காவிரிக் கரையில் போர் – 9

1801 ஜூலை மாதக் கடைசியில் கர்னல் அக்னியூவின் கம்பெனிப் படை, சிவகங்கைச் சீமையின் சிறுவயலில் கூடாரமடித்துக் காடு வெட்டத் தொடங்கியது. அந்தக் காட்டைத் தாண்டினால் காளையார்கோவில், மருது சகோதரர்களின் கடைசி அரண். தொலைவு பெரிதில்லை. ஆனால் இடையில் கிடந்த முட்புதர்க் காட்டுக்குள் பீரங்கி வண்டி நுழைய வழியே இல்லை. வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கோடரியோடு ஆட்கள் இறங்குவார்கள், காவலுக்குச் சிப்பாய்கள் நிற்பார்கள், இரண்டு பக்கப் புதர்களிலிருந்தும் சூடு கிளம்பும். சுட்டவன் எங்கே என்று தேடுவதற்குள் புகை மட்டும் மிஞ்சும். ஒரு மாதம் இப்படியே போனது. செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ வேலையைக் கைவிட்டு, படையை ஒக்கூருக்குத் திருப்பினார்.

காட்டுக்குள்ளிருந்து சுட்டவற்றில் பல திரித் துப்பாக்கிகள். நீண்ட இரும்புக் குழல். அதன் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, மேலே ஈயக் குண்டை இறக்கி, கம்பியால் கெட்டிக்க வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில் சிறு கிண்ணி, அதில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் கனன்றுகொண்டிருக்கும் திரி இறங்கி அந்த மருந்தைத் தொடும். ஒரு முறை சுட்டுவிட்டு மறுமுறை சுடுவதற்குள் எதிராளி ஓடி வந்துவிடலாம். மழை வந்தால் திரி அணைந்துவிடும். கம்பெனிச் சிப்பாயிடம் இருந்ததோ சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கும் துப்பாக்கி. வெட்டவெளியில் வரிசைகட்டி நின்று, ஆணை கேட்டதும் ஒரே மூச்சில் சுடுவதற்கென்றே அமைந்தது அது. காட்டில் வரிசை ஏது? கிளையில் குழலைச் சாய்த்துக்கொண்டு, ஆற அமரக் குறி பார்க்கிறவனுக்கே அங்கே கை ஓங்கும். பதினெட்டு இருபது அடி நீள ஈட்டிகளையும் வளரியையும் சேர்த்துக்கொண்டால், கம்பெனி ஏன் ஒரு மாதம் திணறியது என்பது விளங்கும். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரிக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, இருவரும் நட்பாக இருந்த காலத்தில். வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 1 அன்று படை மூன்று பக்கமாக வந்து காளையார்கோவிலைப் பிடித்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களோடு சேர்ந்து போரிட்டு, திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சிக் காடுகள் வரை விரட்டப்பட்டுப் பிடிபட்ட ஊமைத்துரைக்கு நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கு. மிஞ்சிய தலைவர்களில் 70-க்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது.

மனிதர்கள் என்ன ஆனார்கள் என்பதை வரலாறு இந்த அளவுக்காவது எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் கையிலிருந்த துப்பாக்கிகள் என்ன ஆயின?

தோற்ற படையின் ஆளுக்குத் துப்பாக்கி பெரும் பாரம். அதோடு பிடிபட்டால் கலகக்காரன், கயிறு நிச்சயம். வெறுங்கையோடு, தோளில் ஒரு துண்டோடு ஊருக்குள் நடந்தால் குடியானவன். இரண்டு வழிகளுக்கும் நடுவில் ஒரு காடு இருக்கிறது. குழலைப் புதரில் செருகுவதோ, குளத்தில் எறிவதோ, மரத்தடியில் குழி தோண்டிப் போடுவதோ உயிருக்காகக் கொடுத்த விலை. காட்டிலிருந்த ஆயுதங்களில் எத்தனை காட்டிலேயே தங்கின என்பதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

இதெல்லாம் சிவகங்கைக் கதை, காவிரிக் கரைக்கு இதில் என்ன என்று வாசகர் கேட்கலாம். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது வெளியிட்ட அறிக்கை ஒட்டப்பட்ட இடம் திருச்சியும் ஸ்ரீரங்கமும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நின்றுதான் அது நாட்டை அழைத்தது. கலகம் அறந்தாங்கியைத் தாண்டித் தஞ்சைச் சீமையின் தென்விளிம்புக்குள்ளும் புகுந்தது. தஞ்சாவூரில் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் பிளாக்பர்ன், அவசரமாகத் திரட்டிய சிறு படையோடும் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களோடும் அந்தப் பக்கம் சண்டைக்குப் போனார். டெல்டாவின் நடுப்பகுதியில் அப்படி ஒரு போர் நடந்திருக்கவே முடியாது. திருவையாற்றிலிருந்து திருவாரூர் வரை வயல், வரப்பு, வாய்க்கால், தென்னந்தோப்பு, மறுபடி வயல். அறுவடை முடிந்தால் அடிவானம் வரை பார்வை ஓடும். ஒரு படை ஒளியவோ, ஓர் ஆயுதக் குவியலை மறைக்கவோ காவிரி நாட்டின் ஓரங்களுக்குத்தான் போக வேண்டும்: தெற்கே புதுக்கோட்டைப் பக்கத்துப் புதர்க்காடு, தென்கிழக்கே கோடியக்கரைக் காடு, முத்துப்பேட்டை அலையாத்தி, வடக்கே கொள்ளிடத்துப் படுகை.

டெல்டாவுக்குள் துப்பாக்கி வந்த வழி கடல். 1620-ல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், 1658-ல் நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், 1739-ல் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். சுமார் இருபது மைல் கடற்கரைக்குள் மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்தன. ஒவ்வொன்றின் கோட்டைக்குள்ளும் துப்பாக்கியும் மருந்தும் இருந்தன. உள்ளூர்க் கொல்லர்களும் சளைத்தவர்கள் இல்லை. தஞ்சாவூர்க் கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கி, ரகுநாத நாயக்கர் காலத்தில் வார்க்காமல் அடித்தே செய்யப்பட்டது. 43 நீள இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே 94 இரும்பு வளையங்களைக் காய்ச்சி ஏற்றி, அடித்து இறுக்கியிருக்கிறார்கள். நீளம் ஏழரை மீட்டர், எடை சுமார் 22 டன் என்று கான்பூர் ஐஐடியின் உலோகவியலாளர் ஆர். பாலசுப்ரமணியமும் உடன் ஆய்ந்தவர்களும் 2004-ல் எழுதினார்கள். அவ்வளவு பெரிய குழலை அடித்து ஒட்டத் தெரிந்த ஊரில், உடைந்த துப்பாக்கிக்கு ஒரு விசை செய்து பொருத்துவது எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அதனால்தான் 1801-க்கு முன்பு, போர்க்களத்தில் விட்டுப்போன ஆயுதம் கேட்பாரற்றுக் கிடந்ததில்லை. அடுத்த கை அதற்காகக் காத்திருந்தது.

1758 ஆடியை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுத் தளபதி லாலி, தஞ்சை மன்னர் தரவேண்டியதாகச் சொல்லப்பட்ட 56 லட்சம் ரூபாய்ப் பழைய கடன் பத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு காரைக்கால் வழியாக வந்தார். வழியில் நாகூர் சூறையாடப்பட்டது. கீவளூர்க் கோயில் கொள்ளையிடப்பட்டது. அங்கே அர்ச்சகர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட கொடுமையும் நடந்தது. தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டவருக்கு வெடிமருந்தும் போதவில்லை, சோறும் போதவில்லை. இதற்கிடையே ஆகஸ்ட் 3 அன்று ஆங்கிலக் கடற்படையிடம் பிரெஞ்சுக் கப்பல்கள் அடிவாங்கிய செய்தி வந்தது. காரைக்காலே பறிபோகுமோ என்ற அச்சத்தில், தஞ்சை மன்னர் பிரதாப சிம்மரின் குதிரைப்படை பின்னால் துரத்த, இழுத்துப் போக முடியாத பெரிய பீரங்கிகளை விட்டுவிட்டு லாலி பின்வாங்கினார். பீரங்கி போன பாதையில் கைத்துப்பாக்கியும் ரவைப்பையும் விழாமலா இருந்திருக்கும்?

இதைவிடப் பெரிய அறுவடை 1782-ல். அந்த ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் பக்கத்து அன்னக்குடியில், கர்னல் பிரெய்த்வெயிட்டின் கம்பெனிப் படையைத் திப்பு சுல்தான் சூழ்ந்துகொண்டார். பிரெய்த்வெயிட்டிடம் ஏறத்தாழ நூறு ஐரோப்பியர்கள், 1,500 சிப்பாய்கள், 300 குதிரை வீரர்கள். திப்புவோடு லாலே என்பவரின் கீழ் பிரெஞ்சு வீரர்களும் இருந்தார்கள். ஒரு நாளுக்கும் மேலாக, வயல்வெளியில் மறைவே இல்லாமல் சுட்டுக்கொண்டிருந்த படை முடிவில் சரணடைந்தது. ஆள்கள் சீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகப் போனார்கள். துப்பாக்கிகள் மைசூர்ப் படைக்குப் போயின. சுட்டவனும் சுடப்பட்டவனும் மாறினார்களே தவிர, ஆயுதம் வேலையை விடவில்லை.

இந்தச் சங்கிலியை அறுத்தது ஒரு காகிதம். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ், தெற்குச் சீமைகளுக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்களோ சேர்வைக்காரர்களோ அவர்களின் ஆட்களோ இனித் துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். கோட்டைகள் தரைமட்டமாக வேண்டும். மீறினால் கடும் தண்டனை. போரில் வென்ற மன்னர்கள் தோற்றவரின் ஆயுதத்தைப் பறிப்பது பழைய வழக்கம். ஒரு நாட்டின் குடிகள் எல்லோரும் இனி ஆயுதமே தொடக்கூடாது என்று வென்றவர் சொன்னது தென்னாட்டுக்குப் புதிது. அதுவரை துப்பாக்கி ஒரு சொத்து. மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம், அடகு வைக்கலாம், ஊர்க்காவலுக்குக் கூலியாகப் பெறலாம். அந்த டிசம்பருக்குப் பிறகு அது தொலைத்துக்கட்ட வேண்டிய பொருள் ஆயிற்று. காட்டில் முன்பு மறைத்துவைத்தவர்கூடத் திரும்பப் போய் எடுக்கத் துணியாத காலம் அது. துரு ஏறியது. கரையான் கட்டையைத் தின்றது.

தஞ்சாவூருக்குள் இதே வேலை ஓசையில்லாமல் நடந்தது. 1799 அக்டோபர் 25 அன்று கையெழுத்தான உடன்படிக்கையால் இரண்டாம் சரபோஜி நாட்டை ஆளும் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கோட்டையும் அரண்மனையும் அவருக்கு மிஞ்சின. அரண்மனைக்குள் ஆயுதக் கொட்டடியும் மிஞ்சியது: நாயக்கர் காலத்துக் கட்டாரிகள், மராட்டியர் வாள்கள், அங்குசங்கள், திரித் துப்பாக்கிகள். எடுக்கப் படை இல்லை, துடைக்க மட்டும் ஆள் இருந்தார்கள். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினக் கடற்கரையில் சரபோஜி 1814-ல் மனோரா எழுப்பியது நெப்போலியன்மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியைக் கொண்டாட. சொந்தமாக ஒரு படையை அனுப்ப முடியாத மன்னர், மற்றவர் போரின் வெற்றிக்கு எட்டு அடுக்குக் கோபுரம் கட்டினார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தார். கம்பெனி பட்டத்தையே ஒழித்தது. அரசிகள் வழக்குத் தொடுத்து, அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1859-ல் தோற்றது. ஆயுதக் கொட்டடி அரசின் கைக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை அரசு அந்த ஆயுதங்களை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ள முடிவு செய்தது. எம். ஜே. வால்ஹவுஸ் என்ற அதிகாரி குவியலைப் பார்த்துவிட்டு, அழிவதற்கு முன் நல்லவற்றைப் பொறுக்கிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் இன்று நாம் பார்க்கும் தஞ்சாவூர் ஆயுதங்கள் அப்படித் தப்பியவை. இன்னும் சில, கை மாறி மாறிக் கடல் கடந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர்க் கட்டாரிகள் வரிசையாக இருக்கின்றன. ஜார்ஜ் கேமரான் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் இறந்தபின் 1930-களில் அங்கே சேர்ந்தவை. மீதி உருகிப்போயிற்று. எத்தனை கொல்லர்களின் கைத்திறன் அந்த உலையில் கரைந்தது என்று கணக்குச் சொல்ல யாரும் இல்லை. பீரங்கி மேட்டுப் பீரங்கியை அதன் எடைதான் காப்பாற்றியிருக்க வேண்டும்.

வால்ஹவுஸ் இந்தக் கதையை ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதிய ஆண்டு 1878. அதே ஆண்டில்தான் வைசிராய் லிட்டனின் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது நாடு முழுவதும் குற்றமாயிற்று. புதையல் சட்டம் வந்ததும் அதே ஆண்டில். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்றது அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 1801-ல் காட்டில் புதைத்த துப்பாக்கியை ஒருவர் தோண்டி எடுத்தால், ஒரு சட்டப்படி அது அரசிடம் சொல்ல வேண்டிய புதையல், இன்னொரு சட்டப்படி வீட்டில் வைத்தால் சிறை. குழலை மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிடுவதே பலருக்கும் எளிதாக இருந்திருக்கும்.

ஆனால் இதே காவிரி பிறக்கும் இடத்தில் நிலைமை வேறு. தலைக்காவிரி இருக்கும் குடகில், 1857 எழுச்சியில் ஆங்கிலேயரோடு நின்றதற்காகக் கொடவர்களுக்கு 1861-ல் ஆயுத உரிமத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. இன்றும் அது தொடர்கிறது. கைல்போளு விழாவில் வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து, பூச்சூட்டி வழிபடுகிறார்கள். ஒரே ஆற்றின் தலையில் துப்பாக்கி சாமியறையில் இருக்கிறது. கடைமடையில் அது புதரில் கிடந்து மக்கியது. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அந்தந்த ஊர் இரும்பின் தலையெழுத்தாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் காவிரிக் கரைக்கு மறுபடி துப்பாக்கி வந்தது, இம்முறையும் கடல் வழியே. 1980-களில் ஈழப் போராளி இயக்கங்கள் கும்பகோணத்திலும் ஒரத்தநாட்டிலும் முகாம் வைத்திருந்தன. கோடியக்கரையும் வேதாரண்யமும் படகுத் துறைகளாயின. தென்னந்தோப்புகளில் பயிற்சி நடந்ததை நேரில் பார்த்தவர்கள் ஊருக்கு ஊர் இன்னும் இருக்கிறார்கள். 1986 நவம்பர் 8 அன்று, பெங்களூரில் சார்க் மாநாடு கூடச் சில நாட்களே இருந்தபோது, தமிழ்நாடு காவல்துறை ஒரே நாளில் முகாம்களைச் சோதனையிட்டு ஆயுதங்களைக் கைப்பற்றியது. கைக்கு அகப்படாதவற்றில் சில மண்ணுக்குள் போயிருந்தன. 2018 ஜூன் மாதம் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியவர்களின் கடப்பாரை இரும்புப் பெட்டிகளில் இடித்தது. உள்ளே ஆயிரக்கணக்கான தோட்டாக்கள். முப்பது ஆண்டுக்கால உப்புக் காற்றிலும் ஈரத்திலும் துருவேறியவை. புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை.

வேறொரு வகை ஆயுதம் இன்றும் காட்டில் கிடைக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மலைகளில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி வேட்டைக்குப் புழங்குவது எல்லோரும் அறிந்தது. வனத்துறையும் போலீசும் அவ்வப்போது ஊர்க்கூட்டம் போட்டு, தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிக்கும். சிலர் நேரில் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெயர் வெளியே வரக்கூடாது என்று நினைப்பவர்கள் இரவோடு இரவாகக் காட்டோரத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் அதிகாரிகள் வந்து பொறுக்கிக்கொள்வார்கள். அந்தத் துப்பாக்கியின் அமைப்பு மருது காலத்துக் குழலுக்கு அதிகத் தூரமில்லை. வாய் வழியே மருந்து, மேலே ரவை, கம்பியால் கெட்டிப்பு. திரிக்குப் பதில் கேப். கிளைவின் அறிக்கைக்கு இருநூறு ஆண்டு கழித்தும், துப்பாக்கியை இரவில் காட்டில் விட்டுவிட்டு நடப்பது தமிழ்நாட்டில் ஒரு வழி.

வயலிலோ தோப்பிலோ ஆற்றுப் படுகையிலோ பழைய குழல் ஒன்று கிடைத்தால் என்ன செய்வது என்று இந்தத் தொடரின் வாசகர்கள் கேட்டிருந்தார்கள். முதலில், அதைத் தட்டிப் பார்க்கவோ, நெருப்பில் காட்டித் துருவெடுக்கவோ கூடாது. வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிகளில் பல, மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போதே கைவிடப்பட்டவை. கருமருந்து ஈரத்தில் செத்ததுபோல் தோன்றும், காய்ந்தால் மறுபடி எரியும். நூறாண்டு கடந்த குழல் வெடித்த நிகழ்வுகள் உலகெங்கும் உண்டு. எடுத்த இடத்தை நினைவில் வைத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்வதே வழி.

சொல்லும்போது தொல்லியல் துறைக்கும் தகவல் போகவேண்டும் என்று கேட்பது நல்லது. நூறு ஆண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். எத்தனை அடி ஆழத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து, அருகில் ஈயக் குண்டோ சக்கிமுக்கிக் கல்லோ இருந்ததா என்பதை யாராவது ஒரு தாளில் குறித்துவிட்டால், அது கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியா, பாளையத்து ஆளின் திரித் துப்பாக்கியா என்று சொல்லிவிடலாம். குழலின் தடிமனும் கிண்ணியின் வடிவும் செய்த காலத்தைச் சொல்லும். வழக்குச் சொத்தாக மட்டும் கணக்கெழுதப்பட்ட ஆயுதம் ஒருநாள் உருக்கு உலைக்குப் போகும். அரண்மனைக் கொட்டடியிலிருந்து இரும்பு விலைக்குப் போனவை போதும்.

அறந்தாங்கியிலிருந்து பட்டுக்கோட்டை வரை, 1801 கலகம் கடந்துபோன தடத்தில் இதுவரை முறையான ஆயுத அகழாய்வு எதுவும் பேசப்படவில்லை. பிளாக்பர்னின் படை நகர்ந்த ஊர்களும் தொண்டைமானின் ஆட்கள் முகாமிட்ட இடங்களும் கம்பெனிக் கடிதங்களில் இருக்கின்றன. சென்னை ஆவணக் காப்பகத்திலும் சரஸ்வதி மகால் மோடி எழுத்து ஆவணங்களிலும் அந்தத் தடத்தைத் தேடலாம். அந்தக் கடிதங்களில் வரும் ஊர்களை அடுத்த இதழில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

(தொடரும்)